ரொட்டி சுட்ட அதே கட்டளை... ரவுட்டரையும் திறக்கும்! - 'பப்ளிக்' பாஸ்வேர்டின் கதை

ரவுட்டர், ஸ்விட்ச், பிரின்டர், யு.பி.எஸ் என உலகெங்கும் இருக்கும் கருவிகளிடம் 'நல்லா இருக்கியா?' என்று ஓயாமல் விசாரித்துக்கொண்டே இருக்கிறது ஒரு மொழி. இன்டர்நெட் ஒழுங்காக ஓடுவதற்கு அந்த விசாரிப்பும் ஒரு காரணம். ஆனால், யார் வந்து விசாரித்தாலும் பதில் சொல்லிவிடும் வெள்ளந்தி மனசு அதற்கு. சிக்கலே அங்கேதான்!

அமெரிக்காவில் 'இன்டராப்' என்ற நெட்வொர்க் தொழில்நுட்பக் கண்காட்சியை நடத்திவந்தவர் டேன் லிஞ்ச். 1989-ல் அவர் ஜான் ராம்கி என்ற இன்ஜினீயரிடம் ஒரு சவால் விட்டார். ரொட்டி சுடும் டோஸ்டரை இன்டர்நெட்டில் இணைத்துக் காட்டினால், அடுத்த ஆண்டு கண்காட்சியில் அதற்கு முக்கியமான இடம் தருவதாகச் சொன்னார்.

ராம்கி விடவில்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நண்பர் சைமன் ஹேக்கெட்டுடன் சேர்ந்து களமிறங்கினார். 1990 கண்காட்சியில் அந்த டோஸ்டர் உண்மையிலேயே இன்டர்நெட் வழியாக ரொட்டி சுட்டது. கம்ப்யூட்டரிலிருந்து கட்டளை போகும், டோஸ்டருக்கு மின்சாரம் வரும். எவ்வளவு நேரம் மின்சாரம் பாய்கிறதோ, அதைப் பொறுத்து ரொட்டி இளம் பழுப்பாகவோ கரும் பழுப்பாகவோ வெளியே வரும். ரொட்டியை உள்ளே வைக்க மட்டும் ஒரு ஆள் தேவைப்பட்டார். மறுவருடம் அந்த வேலைக்கும் ஒரு குட்டி கிரேன் வந்துவிட்டது.

இன்று 'ஸ்மார்ட் ஹோம்' என்று நாம் கொண்டாடும் விஷயத்தின் முன்னோடிகளில் ஒன்று இந்த டோஸ்டர். ஆனால், இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. டோஸ்டருக்குக் கட்டளை கொடுக்க ராம்கி புதிதாக எந்த மொழியையும் உருவாக்கவில்லை. ரவுட்டர்களைக் கண்காணிக்க அப்போது வந்திருந்த எஸ்.என்.எம்.பி-யையே பயன்படுத்தினார். அதன் முழுப்பெயர் சிம்பிள் நெட்வொர்க் மேனேஜ்மென்ட் புரோட்டோகால்.

தற்காலிகமாக வந்தது, தங்கிவிட்டது

1980-களின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக்கூடங்களின் நெட்வொர்க்குகள் ஒன்றோடொன்று இணைந்து இன்டர்நெட் வேகமாக வளர்ந்தது. கூடவே ஒரு தலைவலியும் வளர்ந்தது. எங்காவது இணைப்பு அறுந்தால், எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் ஒவ்வொரு விதம். எல்லாக் கருவிகளிடமும் ஒரே மாதிரி கேள்வி கேட்க ஒரு பொது மொழி தேவைப்பட்டது.

ஜெஃப்ரி கேஸ், மார்க் ஃபெடோர், மார்ட்டின் ஷாஃப்ஸ்டால், ஜேம்ஸ் டேவின் ஆகிய நால்வரும் 1987-ல் அதற்கு ஒரு எளிய வடிவம் கொடுத்தார்கள். அதுவே 1988-ல் எஸ்.என்.எம்.பி ஆக வளர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது இன்டர்நெட்டின் தொழில்நுட்ப முடிவுகளை எடுத்த குழு இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் பார்த்தது. சர்வதேசத் தர அமைப்பு உருவாக்கிவந்த விரிவான, பெரிய முறை ஒன்று வரும், நீண்ட காலத்துக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது திட்டம்.

அந்தப் பெரிய முறை இன்டர்நெட் கருவிகளில் வேரூன்றவே இல்லை. தற்காலிகமாக வந்ததோ இன்றும் வேலை பார்க்கிறது. காரணம், பெயரிலேயே இருக்கும் 'சிம்பிள்'. சின்னக் கருவியாலும் சுமக்க முடிகிற அளவுக்கு அது எளிமையானது.

வார்டில் ஒரு நர்ஸ்

எஸ்.என்.எம்.பி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு மருத்துவமனை வார்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கட்டிலாக வந்து டெம்பரேச்சர், பி.பி பார்த்து சார்ட்டில் குறித்துக்கொண்டு போவார் நர்ஸ். அந்த நர்ஸ் வேலையைச் செய்யும் மென்பொருளுக்கு 'மேனேஜர்' என்று பெயர். கட்டிலில் இருப்பவைதான் ரவுட்டர், ஸ்விட்ச், பிரின்டர் எல்லாம். ஒவ்வொன்றுக்குள்ளும் பதில் சொல்ல 'ஏஜென்ட்' என்ற சின்ன மென்பொருள் இருக்கும்.

இவர்களுக்குள் நடக்கும் பேச்சு முக்கியமாக மூன்று வகை.

'கெட்' என்றால் விசாரிப்பு. எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறாய், எவ்வளவு டேட்டா வந்தது, எவ்வளவு போனது என்று மேனேஜர் கேட்கும். ஏஜென்ட் பதில் சொல்லும்.

'செட்' என்றால் கட்டளை. இந்த இணைப்பை நிறுத்து, அந்த அளவை மாற்று என்று மேனேஜர் சொல்லும். கருவி அதைச் செய்யும். ராம்கியின் ரொட்டி சுடப்பட்டது இந்த 'செட்' மூலம்தான்.

'ட்ராப்' என்றால் காலிங் பெல். நர்ஸ் வரும்வரை காத்திருக்க முடியாத நோயாளி பெல் அடிப்பதுபோல, இணைப்பு அறுந்துவிட்டால் கருவி தானாகவே மேனேஜருக்குச் செய்தி அனுப்பும். தவறான பாஸ்வேர்டோடு யாராவது விசாரித்தாலும் இப்படிப் புகார் செய்ய அதற்கு வழி உண்டு.

விசாரிப்பும் கட்டளையும் 161 என்ற எண்ணுள்ள கதவு வழியாகப் போகும். காலிங் பெல் செய்திக்கு 162. இந்தச் செய்திகள் பெரும்பாலும் சாதாரணத் தபாலைப் போலத்தான் போகின்றன. போய்ச்சேர்ந்ததா என்பதற்கு அத்தாட்சி கிடையாது. அதனால்தான் பெல்லை மட்டும் நம்பாமல், நர்ஸ் ரவுண்ட்ஸும் வரவேண்டியிருக்கிறது.

கேள்விகளை வார்த்தைகளில் கேட்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எண் வரிசை உண்டு. 'எவ்வளவு நேரமாக ஓடுகிறாய்?' என்பதற்கான எண் 1.3.6.1.2.1.1.3.0. வீட்டு முகவரியில் நாடு, மாநிலம், ஊர், தெரு என்று வருவதுபோல, இதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு கிளை. மூன்றாவதாக இருக்கும் 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைக் குறிக்கிறது. இன்டர்நெட் பிறந்த வீட்டின் அடையாளம் இன்னும் முகவரியில் அப்படியே இருக்கிறது.

இந்தக் கேள்விக்கான பதிலை விநாடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிச் சொல்லும் கருவி. அந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. 497 நாள்கள் தொடர்ந்து ஓடினால் எண்ணிக்கை முடிந்து மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். இது தெரியாதவர் 'ரவுட்டர் ராத்திரி ஆஃப் ஆகி ஆன் ஆகியிருக்கு' என்று பதறிப்போவார். உண்மையில் அது ஒன்றே கால் வருடத்துக்கும் மேலாக ஒரு நிமிடம்கூட ஓய்வெடுக்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரில் ஒரு இ.பி மீட்டர்

எஸ்.என்.எம்.பி அதிகம் பயன்படுவது ஒரு எளிய கேள்விக்கு விடை காணத்தான். லைன் நிரம்பி வழிகிறதா, காலியாக இருக்கிறதா?

ரவுட்டர் இதற்கு நேரடியாகப் பதில் சொல்லாது. வீட்டு இ.பி மீட்டர் எப்படியோ, அப்படித்தான் இதுவும். மீட்டரில் தெரிவது மொத்த யூனிட். போன தடவை எடுத்த ரீடிங்கை இந்தத் தடவை ரீடிங்கிலிருந்து கழித்தால்தான் இடையில் எவ்வளவு ஓடியது என்று தெரியும். ரவுட்டரும் இதுவரை கடந்துபோன மொத்த பைட்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த இடைவெளியில் ரீடிங் எடுத்துக் கழிப்பது மேனேஜரின் வேலை.

இதை அழகான படமாக்கிக் காட்டியவர் டோபியாஸ் ஓட்டிக்கர். 1994-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை பார்த்தார். வெளியுலகோடு பேச அங்கே இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதில் எவ்வளவு கூட்டம் என்று தெரிந்துகொள்ள எல்லோருக்கும் ஆசை. ரவுட்டரிடம் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்.என்.எம்.பி மூலம் ரீடிங் எடுத்து, அதை வரைபடமாக மாற்றும் 'எம்.ஆர்.டி.ஜி' என்ற மென்பொருளை அவர் எழுதினார். 1995-ல் வெளியான அதை உலகம் முழுக்க எடுத்துக்கொண்டார்கள். கல்லூரி, அலுவலக கம்ப்யூட்டர் அறைகளின் திரையில் பச்சை மலை, நீலக் கோடாகத் தெரியுமே, அந்த வரைபடத்தின் தொடக்கம் இதுதான்.

பழைய மீட்டர்களில் 9999-க்குப் பிறகு 0000 வரும் அல்லவா? ரவுட்டரின் பழைய எண்ணியும் அப்படித்தான். சுமார் 429 கோடி பைட்டுகளோடு அது திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். லெஸ்டரின் 64 கிலோபிட் லைன் முழுக்க நிரம்பி ஓடினாலும் அந்த எண்ணிக்கையைத் தொட 6 நாள்களுக்கு மேல் ஆகும். அதனால் அங்கே கவலை இல்லை. ஆனால், 100 மெகாபிட் லைன் நிரம்பி ஓடினால் 6 நிமிடத்துக்குள்ளேயே ஒரு சுற்று முடிந்துவிடும். ஒரு கிகாபிட் என்றால் 34 விநாடிகள்தான். 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்க வருவதற்குள், மீட்டர் எட்டு முறைக்கு மேல் சுற்றியிருக்கும். கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும். இதற்காகவே பிறகு மிகப் பெரிய எண்களைத் தாங்கும் 64 பிட் எண்ணி சேர்க்கப்பட்டது. வேகமான லைன் வைத்திருந்தும் வரைபடத்தில் வேகம் குறைவாகவே தெரிந்தால், இன்றும் அனுபவசாலிகள் முதலில் பார்ப்பது மேனேஜர் பழைய எண்ணியைப் படிக்கிறதா என்பதைத்தான்.

வீட்டிலும் இருக்கிறது

'இதெல்லாம் பெரிய கம்பெனி சமாசாரம்' என்று நினைக்க வேண்டாம். பிரின்டர் ஆன் ஆகியிருக்கும், வைஃபை இருக்கும், பேப்பரும் இருக்கும். ஆனாலும் கம்ப்யூட்டர் 'ஆஃப்லைன்' என்று அடம்பிடிக்கும். இந்த அனுபவம் பல வீடுகளில் உண்டு. சில சமயம் அதற்குக் காரணமே எஸ்.என்.எம்.பி-தான்.

விண்டோஸ் கம்ப்யூட்டர், நெட்வொர்க் பிரின்டரிடம் எஸ்.என்.எம்.பி-யில் நலம் விசாரிக்கும். அந்தக் கேள்விக்கு பிரின்டர் பதில் சொல்லாவிட்டால், ஆளே இல்லை என்று முடிவுகட்டிவிடும். பிரின்டர் பிராபர்ட்டீஸில் 'போர்ட்ஸ்' பகுதிக்குப் போய், 'கான்ஃபிகர் போர்ட்' அழுத்தினால் 'எஸ்.என்.எம்.பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டால் பல நேரம் பிரின்டர் உயிர்பெற்றுவிடும்.

இங்க் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, பேப்பர் தீர்ந்துவிட்டதா என்று பிரின்டரிடம் கேட்பதற்கான கேள்விப் பட்டியல் 1995-லேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. யு.பி.எஸ்-ஸிடம் 'கரன்ட் இல்லாமல் இன்னும் எத்தனை நிமிடம் தாங்குவாய்?' என்று கேட்கும் பட்டியல் அதற்கும் முன்னால், 1994-ல் வந்தது. வீட்டு ஃபைபர் மோடங்களைப் பொறுத்தவரை, பல இன்டர்நெட் நிறுவனங்கள் 'டி.ஆர்-069' என்ற வேறொரு முறையில் அவற்றை நிர்வகிக்கின்றன. ஆனால் அலுவலக ஸ்விட்ச், சர்வர் அறை யு.பி.எஸ், நெட்வொர்க்கில் இணைக்கப்பட்ட ஸ்டோரேஜ் பெட்டி, பெரிய பிரின்டர் எல்லாம் பெரும்பாலும் எஸ்.என்.எம்.பி பேசுபவையே.

யார் கேட்டாலும் பதில்!

முதல் பதிப்பிலும், பரவலாகப் பயன்படும் அடுத்த பதிப்பான 2சி-யிலும் கேட்பவர் யார் என்று உறுதிசெய்ய ஒரே ஒரு சொல்தான் உண்டு. அதற்கு 'கம்யூனிட்டி ஸ்ட்ரிங்' என்று பெயர். பாஸ்வேர்டு மாதிரிதான். ஆனால், அது மறைக்கப்படாமல் அப்படியே நெட்வொர்க்கில் பயணிக்கும். வழியில் ஒட்டுக்கேட்பவர் சுலபமாகப் படித்துவிடலாம்.

ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம்கூடப் பல நேரம் வருவதில்லை. ஏராளமான கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விசாரிப்புக்கு 'பப்ளிக்', கட்டளைக்கு 'பிரைவேட்' என்ற சொற்களோடு வந்தன. வாங்கியவர்கள் பலர் அதை மாற்றவே இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை மிதியடிக்கு அடியில் வைத்தமாதிரிதான். எல்லா வீட்டிலும் சாவி அங்கேதான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும் என்றால்?

2002 பிப்ரவரியில் முதல் பெரிய அதிர்ச்சி வந்தது. ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், வேண்டுமென்றே தாறுமாறாக எழுதிய எஸ்.என்.எம்.பி செய்திகளைப் பலவகைக் கருவிகளுக்கு அனுப்பிப் பார்த்திருந்தார்கள். பல நிறுவனங்களின் கருவிகள் அதைத் தாங்க முடியாமல் செயலிழந்தன. உலகம் முழுக்க எச்சரிக்கை மணி அடிக்கப்பட்டது.

அடுத்த ஆபத்து வேறு மாதிரி. திருமண வரன் விளம்பரத்தில் வேண்டாதவரின் போன் நம்பரைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அவருக்கு போன் வந்துகொண்டே இருக்கும், அவரால் வேறு வேலையே பார்க்க முடியாது. அதேபோல, ஒருவரது இன்டர்நெட் முகவரியைத் தன் முகவரியாகப் போலியாகச் சொல்லி, ஆயிரக்கணக்கான கருவிகளிடம் எஸ்.என்.எம்.பி கேள்வி கேட்டால், எல்லாப் பதிலும் அந்த ஒருவர் தலையில் கொட்டும். இரண்டாம் பதிப்பில் வந்த 'கெட்பல்க்' என்ற வசதியால் ஒரு சின்னக் கேள்விக்கு மிகப் பெரிய பதிலை வரவழைக்க முடியும். மூலையில் சும்மா இருக்கும் பிரின்டர்கூட இப்படி அடியாளாக மாறலாம்.

இன்னும் தீவிரமான சம்பவம் 2021-ல் நடந்தது. அமெரிக்க, பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைப்புகள் 2023 ஏப்ரலில் வெளியிட்ட எச்சரிக்கையின்படி, ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புடைய 'ஏ.பி.டி 28' என்ற குழு, எஸ்.என்.எம்.பி வழியாக உலகின் பல இடங்களில் இருந்த சிஸ்கோ ரவுட்டர்களை அணுகியிருக்கிறது. ஐரோப்பாவில் சில இடங்கள், அமெரிக்க அரசு அலுவலகங்கள், உக்ரைனில் சுமார் 250 இலக்குகள் இதில் அடக்கம். சில ரவுட்டர்களில் உளவு மென்பொருளையும் இறக்கியிருக்கிறார்கள்.

அவர்கள் நுழைந்த வழிகள் இரண்டு. ஒன்று, 2017-லேயே சிஸ்கோ அறிவித்து, சரிசெய்யும் அப்டேட்டும் கொடுத்திருந்த ஓட்டை. அந்த அப்டேட்டைப் போடாத ரவுட்டர்கள் மாட்டின. இன்னொன்று, சுலபமாக ஊகிக்கக்கூடிய கம்யூனிட்டி ஸ்ட்ரிங். ஆம், அதே 'பப்ளிக்'!

கட்டளை உரிமையும் கையில் கிடைத்துவிட்டால் ஆபத்து பல மடங்கு. 'உன் அமைப்புகள் எல்லாவற்றையும் நகலெடுத்து இந்த முகவரிக்கு அனுப்பு' என்று சில ரவுட்டர்களிடம் 'செட்' மூலமே சொல்ல முடியும். 1990-ல் ரொட்டி சுட்டதும் அதே 'செட்' கட்டளைதான்!

பூட்டு வந்து இருபது வருடமாகிறது

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கேட்பவர் யார் என்று உறுதிசெய்து, பேச்சையே ரகசியக் குறியீட்டில் மாற்றி அனுப்பும் மூன்றாம் பதிப்பு 2002 டிசம்பரில் முழுத் தரமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், அதை அமைக்க ஒவ்வொரு கருவியிலும் பயனர் பெயர், இரண்டு ரகசியச் சாவிகள் என்று கூடுதல் வேலை உண்டு. பழைய முறையில் ஒரே ஒரு சொல் போதும். நூறு கருவிகளை ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் இடத்தில், 'இப்போதைக்கு ஓடட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அந்த 'அப்புறம்' வருவதே இல்லை.

பெரிய நெட்வொர்க்குகளில் இப்போது 'டெலிமெட்ரி' என்ற புதிய முறை வந்துகொண்டிருக்கிறது. அதில் மேனேஜர் கேட்கும்வரை காத்திருக்காமல், கருவியே தன் நிலவரத்தைத் தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனாலும், ஏற்கெனவே வாங்கி மாட்டிய பிரின்டரும் யு.பி.எஸ்-ஸும் ஸ்விட்ச்சும் ஒரே நாளில் மாறிவிடப் போவதில்லை. எஸ்.என்.எம்.பி இன்னும் பல காலம் இருக்கும்.

என்ன செய்யலாம்?

* வீட்டு ரவுட்டர், பிரின்டர், ஸ்டோரேஜ் பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் எஸ்.என்.எம்.பி என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தவில்லை என்றால் அணைத்துவிடுங்கள்.

* அலுவலகம், கடை, பள்ளியில் தேவைப்படுகிறதா? 'பப்ளிக்', 'பிரைவேட்' என்ற சொற்களை முதல் வேலையாக மாற்றச் சொல்லுங்கள். முடிந்த இடத்தில் மூன்றாம் பதிப்புக்கு மாறச் சொல்லுங்கள்.

* கண்காணிக்க 'கெட்' போதும். 'செட்' உரிமை தேவையில்லாத இடத்தில் அதைக் கொடுக்கவே வேண்டாம்.

* 161-ம் எண் கதவு வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்திருக்கக் கூடாது. மேனேஜர் இருக்கும் கம்ப்யூட்டருக்கு மட்டுமே திறந்தால் போதும்.

* ரவுட்டருக்கு அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். 2017-ல் வந்த அப்டேட்டைத் தள்ளிப்போட்டவர்கள் மாட்டியது 2021-ல்.

அடுத்த முறை அலுவலகத்தில் புது பிரின்டர் வந்து இறங்கும்போது, மாட்டிக்கொடுக்க வந்தவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்... "இதுல எஸ்.என்.எம்.பி ஆன்ல இருக்கா சார்? பப்ளிக்கை மாத்திட்டீங்களா?"

அவர் ஒரு நொடி உங்களை ஆச்சர்யமாகப் பார்ப்பார். மாற்றுவதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும்!